அலுமாரியில் கிடந்த துண்டுப் போர்வையை முடித்த விதம்

கிழக்கிலங்கைக் கரையோர நெசவு ஊரான மருதமுனையில் பிறந்த பிள்ளை துண்டுத்துணி தேடிக் கடைக்குப் போகத் தேவையில்லை. தறி உள்ள வீட்டில் பாவு (தறியின் நீள இழை) முடிகிற இடத்தில் ஒரு சாணோ இரண்டு சாணோ துணி மிஞ்சும். சாரம் வெட்டியதில் வந்த ஓரம், நிறம் ஒத்துவராமல் ஒதுக்கிய மாதிரித் துண்டு, சட்டை தைத்த மிச்சம் என்று எங்கள் உம்மா எல்லாவற்றையும் ஒரு பெரிய பிஸ்கட் பேணியில் போட்டு வைப்பார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது தறியோடு அந்தப் பேணியும் போய்விட்டது. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்த்த துண்டுகளால் ஆனதுதான் இந்தப் போர்வை.

ஆறு அங்குலச் சதுரங்கள், அகலத்துக்கு 11, நீளத்துக்கு 14, மொத்தம் 154. கீழ் எட்டு வரிசையும் உம்மா கையால் மூட்டியவை. கண்ணில் வெண்படலம் வந்த பிறகு அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மேல் ஆறு வரிசையை நான் மூட்டினேன். அப்புறம் நான்கு வருடம் அது அலுமாரியில் கிடந்தது. மகளுக்கு மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் ஆசிரியை நியமனம் கிடைத்து, "உம்மா, ரெண்டு பெட்சீட் போத்தியும் ராவைக்குக் குளிருது" என்று அவள் சொன்ன அன்றுதான் அதை வெளியே எடுத்தேன்.

என்னைப் போலத் துண்டுகளைச் சேர்த்து மேல்துணியை மூட்டி வைத்துவிட்டு நிறுத்திய பெண்கள் நம்மில் பலர். நிறம் சேர்ப்பதில் உள்ள சந்தோசம் மூட்டி முடிந்ததும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, நடுவில் பஞ்சும் அடியில் கீழ்த்துணியும் வைத்துச் சேர்த்துத் தைக்கிற வேலை வேறு மாதிரியானது. அது துணியின் குணம் அறிந்து செய்கிற வேலை. அதிலும் நம் ஊர்த் துண்டுகள் ஒரே மாதிரித் துணி அல்ல. கைத்தறி தடிப்பு, பொப்ளின் மெல்லிசு, பழைய சேலை இழுத்தால் கிழியும். மூன்றையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்

மேல்துணியைக் காலை வெயிலில் கொடியில் தொங்கவிடுங்கள். பின்பக்கம் நின்று பாருங்கள். தையல் விட்ட இடத்தில் வெளிச்சம் கோடாகத் தெரியும். கையால் மூட்டிய துணியில் இப்படி நாலைந்து இடமாவது இருக்கும், அனேகமாகச் சதுரங்களின் மூலைகளில். என்னுடையதில் ஒன்பது இடம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தி வைத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் தொடங்கி ஒரு அங்குலம் தாண்டி முடிக்கும்படி பின்தையல் (ஒரு அடி பின்னால் குத்தி இரண்டு அடி முன்னால் எடுப்பது) போட்டேன். விட்ட இடத்தை மட்டும் தைத்தால் அடுத்த கழுவலில் அதன் பக்கத்தில் விடும்.

கைத்தறித் துண்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நெசவு நெருக்கமில்லாத துணி என்றால் வெட்டிய ஓரம் பிரிந்து பிரிந்து குறையும். நான் பார்த்தபோது சில மூட்டுகளில் ஓரத்துணி கால் அங்குலம்கூட மிஞ்சவில்லை. இழை தையல் வரை வந்துவிட்டால் அந்த மூட்டு நிற்காது. அப்படியான இடத்தில் ஒரு விரல் அகலப் பொப்ளின் துண்டை உள்பக்கம் வைத்து, மூட்டின் இரு புறமும் மெல்லிதாகப் பிடித்துத் தைத்துவிடுங்கள். வெளியே தெரியாது. புதிதாக மூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கைத்தறிக்குக் கால் அங்குல ஓரம் போதாது, அரை அங்குலம் விடுங்கள்.

பிறகு மூட்டுகளை ஒரு பக்கமாகச் சாய்த்து அயன் பண்ண வேண்டும். மெஷினில் தைத்ததை விரித்து அயன் பண்ணலாம். கையால் தைத்ததை விரித்தால் இழுவிசை முழுவதும் நூலில்தான் விழும், நடுவில் வைக்கும் பஞ்சும் இடுக்கால் எட்டிப் பார்க்கும். ஆகவே கடும் நிறம் உள்ள பக்கமாகச் சாயுங்கள். நான்கு சதுரம் சந்திக்கும் இடத்தில் நான்கு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கட்டியாகும். அங்கே ஓரங்களைக் காற்றாடியின் இதழ் போல ஒரே சுற்றில் திருப்பிவிட்டால் தடிப்பு பரவிவிடும். அயன் பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் போக வேண்டும். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

வெளிர் நிறத் துண்டுகளுக்குப் பின்னால் கறுப்பு, சிவப்பு நூல்கள் கிடந்தால் இப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு அவை நிழல் போலத் தெரிந்துகொண்டே இருக்கும், எடுக்கவும் முடியாது.

கடைசியாக மேல்துணியின் நாலு ஓரத்தையும் சுற்றி, விளிம்பிலிருந்து நூலளவு உள்ளே ஒரு ஓட்டுத் தையல். ஓரச் சதுரங்களின் மூட்டு வாய் அப்படியே திறந்து கிடக்கும். தூக்கி வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த ஒரு சுற்றுத் தையல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

சாயம்

இதைத் தவறவிட்டு ஒரு நல்ல தலையணை உறையை நான் கெடுத்திருக்கிறேன். வெள்ளைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்த புதுச் சிவப்பு, முதல் கழுவலிலேயே பரவியது. அதற்குப் பிறகு எந்தத் துணியையும் நம்புவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கடும் சிவப்பு, கருநீலம், கத்தரிப்பூ நிறம், கறுப்பு ஒவ்வொன்றின்மேலும் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சதுரத்தைப் பிரித்து வேறு துண்டு வைப்பதுதான் சரி. உப்பிலும் வினாகிரியிலும் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்வார்கள். கடையில் வாங்கும் சாயமிட்ட பருத்தித் துணிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. நான் இரண்டு சதுரத்தை மாற்றினேன். உம்மாவின் வரிசையில் இருந்த ஒரு சிவப்பை எடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்தேன்.

நடுவில் என்ன வைப்பது

போர்வை எங்கே போகப் போகிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். நம் கரையோரத்தில் கார்த்திகை, மார்கழி மழைக்குத்தான் போர்த்திக்கொள்ளத் தேவை வரும். அதற்குப் பழைய ஃபிளனல் பெட்சீட் ஒன்று நடுவில் வைத்தால் போதும். வங்காளத்தில் காந்தா தைக்கிற பெண்கள் பஞ்சே வைப்பதில்லை. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் பிடித்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வெப்பத்துக்கும் அதுவே பொருத்தம்.

மலைநாடு வேறு. அங்கே சூடு வேண்டும், அதோடு கழுவினால் காயவும் வேண்டும். சூடு தருவது பஞ்சுக்குள் சிறைப்பட்டிருக்கிற காற்று. பருத்திப் பஞ்சு நல்ல பொருள், ஆனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும். மூடுபனி ஊரில் இரண்டு மூன்று நாள் ஈரமாகக் கிடந்தால் மணக்கத் தொடங்கும். எனவே மகளுக்குப் பொலியெஸ்டர் பஞ்சுத் தட்டுத்தான் வாங்கினேன். வாங்கும்போது ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நார் நாராகக் கையோடு வந்தால் வேண்டாம். முன்பு ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கித் தங்கச்சியின் பிள்ளைக்குத் தைத்துக் கொடுத்தேன்; இரண்டாம் கழுவலில் பஞ்சு முழுவதும் உருண்டையாகி மூலைகளில் சேர்ந்துவிட்டது. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிய தட்டாக இருக்க வேண்டும்.

இலவம் பஞ்சு வைக்கலாமா என்று கேட்பார்கள். தலையணைக்கு அது அருமை. இதற்கு ஆகாது: தட்டாக நிற்காது, கழுவவும் முடியாது.

தட்டின் அகலம் போதாவிட்டால் இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, பெரிய குறுக்குத் தையலால் தளர்வாகப் பிடியுங்கள். ஏற்றி வைத்தால் அந்த இடம் வரம்பு போல எழும்பி நிற்கும்.

கீழ்த்துணி

மேல்துணி 66 க்கு 84 அங்குலம். கீழ்த்துணி நாலு பக்கமும் நான்கு நான்கு அங்குலம் கூட இருக்க வேண்டும், அதாவது 74 க்கு 92. தைக்கத் தைக்க மேல்துணி உள்ளே சுருங்கும், கீழ்த்துணி கொஞ்சம் நகரும். அதற்காகத்தான் இந்த மிச்சம். பஞ்சுத் தட்டு இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இருந்தால் போதும்.

புதுத்துணி வாங்கத் தேவையில்லை. ஐந்தரை மீற்றர் பருத்திச் சேலை ஒன்று இதற்குச் சரியாகப் போதும். நடுவே வெட்டினால் இரண்டே முக்கால் மீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வரும். அதாவது ஒவ்வொன்றும் 108 அங்குலம். பக்கவாட்டில் மூட்டினால் அகலமும் தாராளம். கழுவிக் கழுவி மெதுவான சேலையில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இரண்டு கரையையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். கரையில் இழை நெருக்கம். கழுவினால் மற்ற இடத்தைப் போலச் சுருங்காது, மூட்டு சுருக்கு விழும். சரிகைக் கரை என்றால் உடம்பில் கீறும். முந்தானையும் தடிப்பாக இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். நான் எடுத்தது உம்மாவின் கிளிப்பச்சைச் சேலை. அவராகவே எடுத்துத் தந்தார்.

தரையில் விரிக்கும் நாள்

இந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் மேல்துணிகள் அலுமாரியில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். உண்மையில் இது ஒரு காலை நேர வேலை. இடம் வேண்டும், இரண்டு பேர் வேண்டும், காற்று இருக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், பஞ்சுத் தட்டு பறக்கும். நானும் மச்சியும் சுபஹ் தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன், முன் அறைச் சாமான்களை வெளியே எடுத்துத் தரையைத் துடைத்துக் காயவிட்டுத் தொடங்கினோம். பன்பாயில் விரிக்க வேண்டாம். ஊசி பாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு போகும். மெத்தையிலும் வேண்டாம். அமுங்குகிற இடத்தில் எந்தத் துணியும் மட்டமாக நிற்காது.

கீழ்த்துணியின் உள்பக்கம் மேலே பார்க்கும்படி விரியுங்கள். ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது. அதே நேரம் தோலாக இழுக்கவும் கூடாது. இழுத்து ஒட்டிய துணி, நாடாவை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அப்போது பின்பக்கம் முழுவதும் சுருக்கு. அதன்மேல் பஞ்சுத் தட்டு. முந்தின இரவே அதை விரித்து வைத்திருந்தால் மடிப்பு தளர்ந்திருக்கும். அதன்மேல் மேல்துணி, முகம் மேலே பார்க்க. நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவிக்கொண்டு போங்கள். குறுக்கு மூலைகள் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் துணி நேராகக் கிடக்கிறது. எங்களுக்கு முதலில் இரண்டு அங்குல வித்தியாசம் வந்தது. உம்மாவின் வரிசையும் என் வரிசையும் சேரும் இடத்தில் என் கை கொஞ்சம் இறுக்கம். மேல்துணியை எடுத்து, அந்த ஒரு மூட்டை மட்டும் தண்ணீர் தெளித்து அயன் வைத்து விட்டுக்கொடுக்கச் செய்து, மறுபடி விரித்தோம். அரை அங்குலத்துக்கு வந்தது. அது போதும்.

இப்போது இழையோட்டுதல், அதாவது பிறகு பிரித்து எடுக்கப்போகிற தற்காலிகத் தையல். வெள்ளை நூல் மட்டும். நிற நூல் துகளை விட்டுவிட்டுப் போகும். நீள ஊசி. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, மறுபடி நடுவில் தொடங்கி அடுத்த ஓரத்துக்கு. வரிகளுக்கு இடையில் நாலு விரல் வைத்தால் மூன்று அங்குலம், ஐந்து விரல் வைத்தால் நாலு அங்குலத்துக்குக் கிட்ட. நாலு அங்குலத்தைத் தாண்ட விடாதீர்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் ஓடிக் கட்டம் கட்டமாக வர வேண்டும். தரையில் கிடக்கும் துணியில் ஊசி முனையைப் பிடித்து எடுக்க விரல் நுனி நோகும். இடது கையில் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு, முனை வரும் இடத்தில் அதன் விளிம்பால் தூக்கிக் கொடுங்கள். வேலை இரண்டு மடங்கு வேகமாகும்.

சேஃப்டி பின் குத்தினால் போதாதா என்றால், மெஷினில் தைக்கிறவர்களுக்குப் போதும். கையால் தைக்கும்போது நூல் ஒவ்வொரு பின்னிலும் சிக்கும்.

மூன்றையும் பிடிக்கும் தையல்

எந்த மாதிரித் தையல் ஓடுவது என்பதில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. மெல்லிய அச்சுத் துணிப் போர்வைகளில் ஒரு அங்குலத்துக்கு எட்டு, பத்துத் தையல் என்று நுணுக்கமாகத் தைப்பார்கள். பார்க்க அழகுதான். கைத்தறித் துண்டில் அதற்கு முயன்றால் விரலும் போகும், துணியும் சுருங்கும். நமக்குத் தடித்த பருத்தி நூலில் அங்குலத்துக்கு நாலு, ஐந்து தையல் போதும். பூத்தையலுக்கு விற்கும் முறுக்கு நூல் நல்லது. தறியில் இருக்கிற நூலையே எடுக்கலாமே என்று நானும் பார்த்தேன். ஒற்றை இழை, துணிக்குள் போய் வரும் உராய்வில் பிசிறி அறுந்தது.

கோடு எப்படிப் போட வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தேன். மூலையிலிருந்து மூலைக்குச் சாய்கோடு போட்டால் அடையாளம் இடத் தேவையில்லை, ஆனால் ஊசி ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு மூட்டு சந்திக்கும் கட்டியைத் துளைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணைத்தேன். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு டயமண்ட் விழும். தூரத்திலிருந்து பார்த்தால் போர்வை முழுவதும் நீண்ட சாய்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். கோடுகளுக்கு இடையில் நாலேகால் அங்குலம். ஒட்டிய பஞ்சுத் தட்டுக்கு இந்த இடைவெளி தாங்கும். ஊசி மூட்டைக் கடப்பது பக்கத்தின் நடுவில் மட்டும்தான், கட்டியான மூலைகளுக்குப் போவதே இல்லை.

அடையாளத்துக்குக் கடும் நிறத்தில் தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டு, வெளிர் நிறத்தில் நீல வெண்கட்டி. குமிழ்முனைப் பேனாவை வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒட்டுநாடாவை ஒட்டி அதன் ஓரமாகத் தைக்கலாம், ஆனால் நம் வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் பசை துணியில் இறங்கிவிடும்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நுனியில் ஒரு சிறு முடிச்சு. தொடங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி மேல்பக்கமாக ஊசியைக் குத்தி, பஞ்சுக்குள்ளே மட்டும் ஓடவிட்டு, தொடங்கும் புள்ளியில் எடுங்கள். நூலை மெல்லச் சுண்டினால் 'டப்' என்று முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் பிடித்துக்கொள்ளும். முடிக்கும்போதும் அதே வித்தை: துணிக்கு மிக அருகில் முடிச்சிட்டு, ஒரு பின்தையல் வைத்து, உள்ளே சுண்டி, ஒரு அங்குலம் பஞ்சுக்குள் ஓட்டி வெளியே எடுத்து வெட்டுங்கள். பின்பக்கமும் ஒரு முடிச்சுக்கூடத் தெரியாது.

நடுவிரலில் விரலுறை மாட்டி, அதால் ஊசியின் பின்னைத் தள்ளுங்கள். மற்றக் கை போர்வைக்குக் கீழே இருக்க வேண்டும். ஊசி முனை கீழ்க்கையின் விரலைத் தொட்டதும் திருப்பி மேலே அனுப்ப வேண்டும். தொடாமல் திருப்பினால் தையல் பஞ்சோடு நின்றுவிடும், கீழ்த்துணியைப் பிடிக்காது. பத்துத் தையலுக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் விரல் நுனி நோகும், அப்புறம் தோல் தடித்துவிடும்.

பூத்தையல் வளையம் போடுகிறவர்கள் மத்தளமாக இறுக்க வேண்டாம். நடுவில் கையை வைத்து அழுத்தினால் ஒரு அங்குலம் தாழ வேண்டும். அந்தத் தளர்வில்தான் ஊசியை ஆட்ட முடியும். இரவில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.

நூலை இழுக்கும் அளவைப் பற்றி நான் எழுதுவதைவிட உம்மா சொன்னது நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறுக்காத புள்ள. துணி படுத்துக் கிடக்கணும், சுருண்டு கிடக்கப் படா." கண் தெரியாதவருக்கு விரலில் தெரிந்தது. அவர் சொன்ன வரியைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

எப்போதும் நடுவிலிருந்து வெளியே. ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்தால் மிச்சத் துணி நடுவில் பொம்மிக்கொண்டு நிற்கும், அதற்கு மருந்தில்லை. (கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும் சித்தி மக்கள் தங்கள் போர்வைகளை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித்தான் தைக்கிறார்கள். அவர்கள் மேல்துணியை முன்கூட்டியே மூட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் அந்தந்த இடத்திலேயே வைத்துக் கீழ்த்துணியோடு சேர்த்துத் தைத்துப் போகிறார்கள். அதனால் அவர்களுக்கு அது சரிவரும். நமக்கு வராது.)

கணக்குப் பார்த்தால் இந்தப் போர்வையில் கிட்டத்தட்ட 66 மீற்றர் தையல். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று இரண்டு மாதம் எடுத்தது. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு கிடைத்த நேரமும் அதில் சேரும்.

விளிம்பு

தைத்து முடிந்த இடங்களில் இழையோட்டிய நூலைப் பிரிக்கலாம். ஓரத்தில் உள்ளதை மட்டும் விடுங்கள். மூலைமட்டமும் நீள அடிமட்டமும் வைத்து நாலு பக்கத்தையும் நேராக்கிக் கோடு போட்டு, பஞ்சையும் கீழ்த்துணியையும் வெட்டுங்கள். மேல்துணியின் ஓரத்தைவிடப் பஞ்சு நூலளவு வெளியே நிற்கட்டும்; விளிம்பை மூடித் தைக்கப்போகிற பட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் அது சீக்கிரம் நைந்துபோகும்.

கீழ்த்துணியையே முன்னால் மடித்துத் தைத்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்யமாட்டேன். போர்வையில் முதலில் தேய்வது விளிம்பு. தனிப் பட்டியாக இருந்தால் பத்து வருடத்துக்குப் பிறகு அதை மட்டும் மாற்றலாம்.

பட்டிக்குக் கைத்தறி வேண்டாம், இரட்டையாக மடித்தால் கயிறு போலத் தடிக்கும். பொப்ளின் எடுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் எட்டுப் பட்டி. 44 அங்குலத் துணி என்றால் சாய்வாக மூட்டிய பிறகு 330 அங்குலத்துக்கு மேல் வரும். சுற்றளவு 300, மூலைக்கும் முடிப்புக்கும் 12. அரை மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அறுபது சென்ரிமீற்றர் வாங்கினால் தாராளம். நேர் விளிம்புக்கு, இழைக்குச் சாய்வாக வெட்டுகிற குறுக்கு வெட்டுப் பட்டி கட்டாயமில்லை. ஆனால் நெய்கிற வீட்டில் வளர்ந்தவளாக ஒன்று சொல்கிறேன்: மிகச் சரியாக இழை வழியே வெட்டினால் மடிப்பின் விளிம்பில் நீளத்துக்கும் ஒரே ஒரு இழை கிடக்கும், அது அறுந்தால் அந்த ஓரம் முழுவதும் வாய் திறக்கும். கொஞ்சம் சாய்த்து வெட்டினால் பல இழைகள் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் பண்ணுங்கள். அதன் திறந்த ஓரம் போர்வையின் ஓரத்தோடு சேர, முன்பக்கத்தில் வைத்துக் கால் அங்குலம் உள்ளே தையுங்கள். இந்த ஒரு தையலை நான் மெஷினில்தான் போட்டேன், விளிம்புக்கு அந்த உறுதி தேவை. மூலை வருமுன் கால் அங்குலத்தில் நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கித் தூக்கினால் சாய்வாக ஒரு மடிப்பு விழும். பிறகு அதைக் கீழ்நோக்கி இறக்கினால் புதுப் பக்கத்தின் ஓரத்தோடு பொருந்தும். மேல் மடிப்பு, தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு மட்டமாக இருக்க வேண்டும். அங்கேயே விளிம்பிலிருந்து தொடங்கித் தையுங்கள். பின்னால் திருப்பியதும் மூலை கடித உறை போல அழகாக மடிந்து நிற்கும். முதலில் ஒரு கடதாசிப் பட்டியில் மடித்துப் பார்த்தால் கை பழகிவிடும்.

பின்பக்கம் கையால். பட்டியை மெஷின் தையலை மூடும்படி திருப்பி, அதே நிற நூலால் ஒளித்துத் தையுங்கள். ஊசி கீழ்த்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும். முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மூலையின் மடிப்பு வாயையும் இரண்டு தையலால் மூடுங்கள்.

முதல் கழுவல்

கொடுக்குமுன் ஒருமுறை நீங்களே கழுவுங்கள். சவர்க்காரக் கோடும் வியர்வையும் போக வேண்டும், தளர்ந்த தையல் எங்கே என்றும் அப்போதுதான் தெரியும். பெரிய பேசினில் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், ஒரு வெள்ளைத் துணித் துண்டையும் கூடப் போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் போர்வையைக் காய விடாதீர்கள். காய்ந்தால் கறை பிடித்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள், நிறம் வருவது நிற்கும் வரை.

முறுக்கிப் பிழியக் கூடாது. துவாய்க்குள் சுருட்டி அமத்துங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரம் முழுவதும் ஒரு மடிப்பில் இழுக்கும். இரண்டு மூன்று கொடியில் தொட்டில் போலப் பரப்புங்கள், நிழலில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பகலிலேயே காய்ந்துவிடும். பின்னேரம் கடல் காற்று ஈரத்தோடு திரும்புமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பொலியெஸ்டர் பஞ்சு என்பதால் இனி அதன்மேல் சூடான அயன் வைக்கக் கூடாது. பஞ்சு உருகித் தட்டையாகிவிடும்.

பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து உம்மாவின் பெயரையும் என் பெயரையும் வருடத்தையும் சங்கிலித் தையலில் போட்டேன். எந்த வரிசையை யார் மூட்டினார் என்று எழுதவில்லை. தடவிப் பார்த்தால் தெரியும், உம்மாவின் தையல் என்னுடையதில் பாதி அளவுதான்.

போர்வையை மடித்துப் பழைய தலையணை உறையில் போட்டு மகளுக்குப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம். அதே நூலில் பத்து முழம், ஒரு குட்டை ஊசி, பட்டியின் மிச்சம், நான்கு கைத்தறித் துண்டு ஆகியவற்றை ஒரு சிறு துணிப் பையில் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். எங்காவது ஒரு மூட்டு விட்டால் அங்கேயே இருந்து தைத்துக்கொள்வாள், அவளுக்குப் பின்தையல் தெரியும்.